வாத்து ஜெயிச்சுடுச்சு

— படத்த நிறுத்துங்கப்பா.

— ஏன் கண்ணு, அங்க கரண்ட் போயிடுச்சா?

— கரண்டெல்லாம் இருக்கு. நான் நிறுத்திட்டேன். நீங்களும் நிறுத்துங்க.

— சரி சரி, நிறுத்திட்டேன். தபால்காரர் ஏணியில பாதியில நிக்கறாரு பாவம். சொல்லு, என்ன?

— இப்ப உங்க பக்கத்துல பேசினது யாரு?

— இங்கயா? யாரும் இல்லையே. டிவி சத்தமா இருக்கும்.

— டிவில ஓடறது நம்ம படம்தானே? போன்ல ஒண்ணு ரெண்டு மூணு எண்ணித்தானே ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போட்டோம்?

— அப்ப பக்கத்து ரூமா இருக்கும். கிறிஸ்துமஸ் இல்லையா, எல்லாரும் ஒரே கூத்து. இந்தச் சுவரு சுவரா கண்ணு, வெறும் அட்டை.

— பக்கத்து ரூம்காரங்க "வாத்து ஜெயிச்சுடுச்சு"ன்னு சொல்லுவாங்களா?

— என்ன கண்ணு நீ, போலீஸ்காரி மாதிரி.

— அந்த வசனம் படத்துலயே கெடையாதுப்பா. நான் சொன்னது. ஆறு வயசுல, உங்க மடியில உக்காந்துகிட்டு. தபால்காரரு தொபுக்கடீர்னு பனியில விழுவாரு, வாத்து மட்டும் ஏணி உச்சியில நிக்கும். நீங்க வயித்தப் புடிச்சுகிட்டு சிரிச்சீங்க. இருபது கிறிஸ்துமஸா நாம மூணு பேருதான் அத சொல்லிட்டு இருக்கோம். வேற யாருக்கும் தெரியாது. இப்ப அவரு விழறதுக்கு முன்னாடியே ஒரு குழந்தை சொல்லுது.

— கண்ணு...

— ஏண்டி, ஏணி சீன் வந்துடுச்சா? கேக் இப்பத்தான் ஓவன்லேருந்து எடுத்தேன். என்னய விட்டுட்டு பாக்காதீங்க அப்பனும் மகளும்.

— இல்லம்மா, நெட் சுத்துது. நீ மெதுவாவே வா.

— இந்த நெட்டுக்கு ஒரு நல்ல நாள் கெட்ட நாள் தெரியாது.

— ஸ்பீக்கர ஆஃப் பண்ணிட்டேன்ப்பா. அடுப்படிக்குக் கேக்காது. இப்ப சொல்லுங்க. எத்தன வயசு?

— கண்ணு, கொஞ்சம் பொறுமையா கேளு.

— வயசு கேட்டேன்.

— அஞ்சு முடிஞ்சு ஆறு.

— பையனா?

— பொண்ணு.

— அப்ப டிசம்பர்ல லீவே தர மாட்டேங்கறான், ஓட்டல்ல லிஃப்ட் நின்னா நான்தான் ஓடணும்னு ஏழு வருஷமா சொன்னதெல்லாம்?

— லிஃப்ட் வேல நெஜம் கண்ணு. லீவுதான்... லீவு கேக்கல.

— அம்மா ஒவ்வொரு வருஷமும் உங்களுக்குன்னு ஒரு துண்டு கேக் எடுத்து தனியா மூடி வைப்பா. மறுநாள் காஞ்சு போனத நான் திம்பேன்.

— நான் பண்ணது சரின்னு சொல்ல வரல.

— அத இன்னும் நான் யோசிக்கவே ஆரம்பிக்கல. என் வசனத்த ஏன்பா அவளுக்குக் குடுத்தீங்க? அவளுக்குப் போட்டுக் காட்ட வேற படமே கெடைக்கலையா?

— குடுக்கல கண்ணு. அந்த எடம் வந்தா எனக்கே தானா வாயில வந்துடுது. அவ புடிச்சுகிட்டா. இது அக்கா சொன்னதுன்னு சொல்லித்தான் வளத்தேன்.

— யாருக்கு அக்கா?

— உன் போட்டோ இங்க மாட்டியிருக்கு. அவளுக்கு உன்ன நல்லாத் தெரியும்.

— நல்லது. எனக்கு மட்டும்தான் ஒண்ணும் தெரியாது.

— திட்டு. எவ்வளவு வேணா திட்டு.

— திட்டல. நான் சொல்றத மட்டும் கேளுங்க. அம்மா காலைலேருந்து ஸ்டூல் மேல ஏறி எறங்கி நட்சத்திரம் கட்டியிருக்கா. இன்னிக்கு அந்த மனசு நோகக் கூடாது. படம் முடியற வரைக்கும் எப்பவும் போல சிரிங்க. ஜனவரில நேர்ல வந்து நீங்களே அவகிட்ட சொல்லுங்க. தெரிஞ்சா இடிஞ்சு போயிடுவா.

— கண்ணு, அம்மா விஷயத்துல ஒண்ணு...

— அம்மாவப் பத்திப் பேச உங்களுக்கு வாய் வேற இருக்கா?

— ஸ்பீக்கர அமுக்கிட்டா ஆச்சா? நீ கத்தறதே தெருமுனை வரைக்கும் கேக்குது. குடுடி போன. கையெல்லாம் வெண்ணெய், நீயே காதுல வையி. ம்... என்னங்க, நாந்தான். சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா?