வெட்டப்பட்ட தொடக்கம்

மதிய உணவுக்குப் பின் புதினா இட்ட தேநீர் கிடைத்தால் என்னால் தெளிவாகப் பேச முடியும். அதை வரவழைத்துத் தந்தமைக்கு முதற்கண் என் நன்றி, ஐயா.

எங்கள் தொழிலில் பாடகர் இல்லை, வாத்தியம் இல்லை. ஓசைகளை ஒலிநாடாவில் பதிந்து, சவரக்கத்தியால் நறுக்கி, ஒட்டி, இசையாக்குகிறோம். கெய்ரோவில் இதைச் செய்தவர்கள் லபீபும் நானுமே. ஊர் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தது. லபீப் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“யா ரவூஃப், நேத்து உன் நாடாவ வீட்டுல போட்டேன். மொச்சைச் சட்டி அடிப்பிடிக்குதுன்னு எங்கம்மா அடுப்படிக்கு ஓடிட்டாங்கப்பா.”

ஜெர்மனியில் நடக்கும் புதிய இசை விழாவுக்கு எங்கள் நாட்டிலிருந்து ஒரேயொரு படைப்பைக் கேட்டிருந்தார்கள். அவனுடையதைத் தேர்ந்தெடுத்தார்கள். அவன் என் தோளில் கைபோட்டான்.

“மூஞ்சியத் தொங்கப் போடாத. உன் பேரையும் போடச் சொல்றேன். ‘உதவி: ரவூஃப்’. போதுமா?”

பெருந்தன்மையான மனிதன்.

எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தின் அடியில் நீர் வற்றிய பழைய தொட்டி ஒன்று உண்டு. எதிரொலிக்காக அதனுள் ஒலிவாங்கி வைத்திருந்தோம். இரும்புக் கதவை மூடினால் உள்ளிருக்கும் ஓசை வெளியேற அந்த ஒலிவாங்கியைத் தவிர வேறு வழியில்லை. அன்று அதை நகர்த்தி வைக்க லபீப் இறங்கினான். அவனுக்கு ஆஸ்துமா, அங்கோ தூசு அதிகம். கதவு தானாக இறுகிக்கொண்டது என்று அப்போது உங்கள் காவல் துறையினர் எழுதினார்கள். நான் மறுக்கவில்லை.

மேலே பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. நான் ஹெட்போனில் கேட்டேன். அவன் மூச்சு கல்லில் மோதி அலையலையாக விரிந்தது. அத்தகைய ஓசையை அதற்குமுன் நான் கேட்டதில்லை. ஒலியளவை இருமுறை திருத்தினேன். நாடா தீர்ந்தபோது வேறொன்றைப் பொருத்த வேண்டியிருக்கவில்லை.

ஓர் ஓசையைச் செவி அதன் தொடக்கத்தால்தான் அடையாளம் காண்கிறது. மணியோசையின் முதல் அடியை வெட்டிவிட்டால் அது குழலோசை போலாகிவிடும். ஆகவே, அவன் கூப்பிட்ட ஒவ்வொரு கூப்பாட்டின் தலையையும் வெட்டினேன். எஞ்சியது கடற்காற்றை ஒத்திருந்தது. விழாவில் அவன் படைப்புக்கு மாற்றாக அது ஒலித்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பின்னர் அதைக் கெய்ரோ அரங்கில் ஒலிக்கச் செய்தபோது, அவன் மனைவி இஹ்ஸான் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். பாதியில் எழுந்துவிட்டார்.

“இருமி முடிச்சதும் கடைசில சின்னதா ஒரு சீட்டி வரும். பக்கத்துல படுத்து அதக் கேட்டவ நான். நிறுத்துங்கய்யா. இது எம் புருஷன்.”

ஓசையை அதன் முடிவாலும் ஒருவர் அறியக்கூடும் என்று நான் எண்ணவில்லை. தொழில்முறையில் அது என் பிழை.

தாங்கள் தேடும், நாடாவின் தொடக்கத்திலிருந்து நான் வெட்டியெடுத்த முதல் துண்டு என் மேசை இழுப்பறையில், தகரப் பெட்டியில் இருக்கிறது. அதில் முதலில் தாழ்ப்பாள் விழும். அதைப் போட்டவன் நானே. பிறகு அவன் சிரிப்பான். “ரவூஃப், வெளையாடாதப்பா. தெற.”

அன்புகூர்ந்து ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், ஐயா. அந்தத் துண்டை மறைப்பதற்காக நான் வெட்டவில்லை. இரும்பின் ஓசை சற்றுக் கொடூரமானது. என் படைப்பின் அமைதிக்கு அது பொருந்தவில்லை.