நெட்டையார் வராத ஆண்டிலும் ஆடி முடித்த எங்கள் தலைமை வேதியியலாளருக்கு

தெளிந்த நீரைத் தொழிலாகவும் தெளிந்த நெஞ்சை இயல்பாகவும் கொண்ட தகைமையாளரே, குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தின் குன்றாக் காவலரே, கடிந்துரைக்கும் போதும் குரலுயர்த்தாத குணக்குன்றே, வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்நகரம் குடித்த ஒவ்வொரு குவளைக்கும் நீங்கள் பொறுப்பேற்றீர்கள். வெள்ளத்தில் குழாய் உடைந்து சேறு கலந்த வாரத்தில், நீர் தெளியும்வரை கூடத்து மேசையிலேயே தலைசாய்த்துக் கிடந்தீர்கள். "வீட்ல யாரு தேடப்போறாங்க?" என்று சிரித்தீர்கள். நாங்களும் சிரித்தோம், அன்று அதை வேடிக்கையென்றே நினைத்தோம்.

ஆண்டுக்கு ஒரே ஒரு நாள்தான் நீங்களாக விடுப்புக் கேட்பீர்கள். கல்லூரித் தோழர் நெட்டையாருடன் கோல்ஃப் ஆடும் நாள் அது. இருவரும் சுமாரான ஆட்டக்காரர்கள். வீம்பில் மட்டும் வல்லவர்கள். தோற்றவர் வென்றவரின் மட்டைப் பையைக் கார்வரை சுமக்க வேண்டும் என்பது உங்களுக்குள் சட்டம். மறுநாள் நீங்கள் தோளைத் தேய்த்துக்கொண்டு வந்தால், முடிவை யாரும் கேட்கமாட்டோம்.

ஒருமுறை, புல்லில் கிடந்த பந்து உங்கள் மட்டை பட்டு நகர்ந்தது என்றார் அவர். நகரவில்லை என்றீர்கள் நீங்கள். நகர்ந்திருந்தால் உங்கள் கணக்கில் ஓர் அடி கூடும்; குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி. அந்த ஓர் அடிக்காகப் பேச்சு நின்றது, ஆட்டம் நிற்கவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே நாளில் இருவரும் வந்தீர்கள். உங்களை அழைத்துச் சென்ற நம் ஓட்டுநர் சொல்வார்: "அடிப்பாங்க, நடப்பாங்க, தோத்தவர் பையைத் தூக்குவார். வாயே திறக்கமாட்டாங்க. பாக்கிற எனக்குத்தான் மூச்சு முட்டும்."

சென்ற ஆண்டு நெட்டையார் வரவில்லை. நெடுநேரம் காத்திருந்தீர்கள். வந்தவர் அவருடைய மனைவி.

"அவர் தவறி ஒரு மாசம் ஆகுதுண்ணா. போன்ல சொல்ல மனசு வரல. நீங்க இங்க வந்து நிப்பீங்கன்னு தெரியும்."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னானாம்மா?"

"எந்நேரமும் உங்க பேச்சுதான். கூப்பிட்டுப் பேசுங்களேன்னா, முதல்ல அவன் பேசட்டும்பார்."

"நானும் அதையேதான் நெனச்சிட்டு இருந்தேன்," என்றீர்கள். "இதுலயும் அவனே ஜெயிச்சுட்டான்."

பிறகு எல்லாக் குழிகளையும் தனியாளாக ஆடி முடித்தீர்கள். அந்த அம்மையார் கூடவே நடந்தார். வழிநெடுக நீங்கள் பேசிக்கொண்டே போனதை ஓட்டுநர் தொலைவிலிருந்து பார்த்தார். என்ன பேசினீர்கள் என்று இன்றுவரை அவர் கேட்டதில்லை.

இதையெல்லாம் உங்கள் பணி ஓய்வு வாழ்த்து மடலில் எழுதலாமா என்று தயங்கிக் கேட்டோம். "எழுதுங்க. அவன்கிட்ட சொல்லாதது வேற யார் காதுலயாவது விழட்டும்," என்றீர்கள்.

சுற்றம் சூழ வாழ்க என்று வாழ்த்துவது மரபு. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையருகே ஒற்றை நாற்காலி கிடப்பதைக் கண்ட எங்களுக்கு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. முழங்கால் வலி நீங்கி, கண்ணொளி மங்காமல், நெடுங்காலம் நலமாக நடமாட வேண்டுமென்று மட்டும் மனமார வேண்டுகிறோம்.

இவ்வாண்டு ஆட்ட நாளுக்கு எங்களில் நால்வர் விடுப்புக் கேட்டிருக்கிறோம். ஒருவருக்கும் மட்டையைப் பிடிக்கத் தெரியாது. சொன்னபோது, "பாக்கலாம்" என்றதோடு நிறுத்திக்கொண்டீர்கள். வேண்டாமென்றாலும் வருவோம் ஐயா, வேலியோரம் நின்றுகொள்கிறோம்.

குறையாத அன்புடன்,
பரிசோதனைக் கூடப் பணியாளர்கள்