ரெண்டாவது வயர்

கதவச் சாத்திடாதீங்கண்ணே, அஞ்சே நிமிஷம். அந்த ஸ்பேனரக் கையில வெச்சுக்கிட்டே கேளுங்க, பரவால்ல. ஆமா, நானேதான். உங்க தங்கச்சி கம்பி சுத்தின மோட்டாரெல்லாம் விசிலடிக்குதுன்னு ரிப்போர்ட் எழுதினவன். அறுபத்திரண்டு மோட்டார். அதனாலதான் அவங்கள வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க. ஆனா விசிலே இல்லண்ணே! இல்லவே இல்ல! ஐயோ, கிண்டல் பண்ணலண்ணே, சந்தோஷத்துல வாய் தானா காதுவரைக்கும் போகுது. பஸ்ஸுக்குக்கூட நிக்காம ஓடி வந்தேன்.

தண்ணியா? வேணாம்... சரி, குடுங்க.

எங்க டெஸ்ட் ரூம்ல ஒரு பெட்டி இருக்குண்ணே. மைக்ல வர்ற சத்தத்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்புறது அதான். அது நம்மள மாதிரி விடாம கேக்காது, தொட்டுத் தொட்டுப் பாக்கும். செகண்டுக்கு நாப்பதாயிரம் தடவ. அவ்ளோதான் அதோட தெம்பு. ஒரு மைக் மாட்டினா நாப்பதாயிரமும் அதுக்கே. ரெண்டு மாட்டினா ஆளுக்குப் பாதி.

அதனால என்னவா? வண்டி மெக்கானிக் நீங்க கேக்கலாமா? சினிமால கார் முன்னாடி பறக்கும், சக்கரம் மட்டும் மெதுவா பின்னாடி சுத்தும், பாத்திருக்கீங்கள்ல? சக்கரத்து மேல தப்பே இல்ல, கேமரா வேகம் பத்தல. அதே கதைதான். இந்தப் புது மாடல் மோட்டார்ல வேகத்தக் கூட்டிக் கொறைக்க ஒரு எலெக்ட்ரானிக் கார்டு வெச்சிருக்காங்க. அது செகண்டுக்குப் பதினெட்டாயிரம் தடவ அதிரும். நம்ம காதுக்கு எட்டாது, யாரும் அதக் குத்தம்னு சொல்லவும் மாட்டாங்க. பெட்டி நாப்பதாயிரம் தடவ பாத்தா அத ஒழுங்காப் பிடிச்சிடும். இருபதாயிரம்தான்னா திணறிடும். பதினெட்டாயிரத்த ரெண்டாயிரம்னு தப்பா வாசிச்சு, நல்லாக் கேக்குற விசிலா மாத்தி நீட்டும். பேய் விசில்ணே!

மோட்டார்ல காத வெச்சுக் கேட்டேனே, ஒண்ணும் கேக்கல. என் காதுதான் மந்தம், பெட்டி பொய் சொல்லுமான்னு எழுதித் தொலைச்சேன். உங்க தங்கச்சி அன்னிக்கே சொன்னாங்க. என் மோட்டார்ல ஒண்ணுமில்ல சார், உங்க பெட்டிக்குத்தான் ஜன்னி கண்டிருக்குன்னு.

இன்னிக்குக் காலையில பெட்டியிலேர்ந்து ரெண்டாவது மைக் வயரப் பிடுங்கினேன். விசில் காணோம்! திரும்ப மாட்டினேன், வந்துச்சு. பிடுங்கினேன், போச்சு. பதினோரு தடவ. மேனேஜர் வந்து பாக்கறப்ப நான் ஸ்டூல் மேல ஆடிக்கிட்டு இருந்தேன்.

ரெண்டாவது மைக் எதுக்கா? அது... சும்மா ஒரு மைக்ணே. முதல்ல இந்த லெட்டரப் பாருங்க. திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லி மேனேஜர் கையெழுத்து. கீழ, தப்பு என்னுதுன்னு என் கையெழுத்து.

எனக்கா? மூணு மாசம் டெஸ்ட் ரூம் பக்கமே தலை காட்டக் கூடாதாம். பேக்கிங்ல தூக்கிப் போட்டுட்டாங்க. போகட்டுமே, பேக்கிங் அவங்க மேசைக்கு நேர் எதிர்லதானே... இல்ல, காத்தோட்டமா இருக்கும்னு சொல்ல வந்தேன்.

ரெண்டாவது மைக்கா? விட மாட்டீங்க போல. சரி. டெஸ்ட் ரூம் ஜன்னல் மேல ஒரு குருவி கூடு கட்டியிருந்துச்சு. முதல் மோட்டாரக் குடுக்க வந்தப்ப உங்க தங்கச்சி அண்ணாந்து பாத்தாங்க. குஞ்சு பொறிச்சா எப்படிக் கத்தும் சார், எங்க ஹால்ல மெஷின் இரைச்சல்ல ஒண்ணுமே கேக்காதுன்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க. போயிட்டாங்க. நான் உடனே ஒரு மைக்க எடுத்துக்கிட்டு ஸ்டூலப் போட்டு ஏறிட்டேன்.

நேத்து குஞ்சுங்க பறந்துடுச்சு, அதான் வயரக் கழட்டினேன். பதினாலு நாள் சத்தமும் இந்த போன்ல இருக்குண்ணே. லெட்டர நீங்களே குடுத்துடுங்க. இத மட்டும் நான் என் கையால... ஏண்ணே, கீழ வெச்ச ஸ்பேனர மறுபடி எடுக்கறீங்க? இருங்க இருங்க, உள்ள சிரிக்கிறது அவங்கதானே?