சந்தேகமாக இருந்தால் இல்லை

முப்பத்தொரு மணி நேரத்தில் ஊறவைத்த துணி நாற ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டில் துணி எப்போதும் ஊறிக்கொண்டே இருந்ததால் எனக்கு அது தெரியும். அந்தப் பெட்டிகள் பேசாமல் இருந்ததும் முப்பத்தொரு மணி நேரம்தான். இந்த விசாரணையில் நீங்கள் திரும்பத் திரும்ப அந்த எண்ணைச் சொல்கிறீர்கள். அதனால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் மேசையில் இருக்கும் இந்தப் பெட்டியை எங்கள் நிறுவனம்தான் செய்கிறது. கை கால் அசைக்க முடியாதவர்கள் திரையிலுள்ள எழுத்துகளைக் கண்ணால் பார்த்துச் சொல் சேர்ப்பார்கள். பெட்டி அதை உரக்கச் சொல்லும். பெட்டிக்குள் எல்லாவற்றையும் இயக்கும் அடிப்படை நிரலான கெர்னலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒவ்வொரு பாகத்தோடும் பேச கெர்னலுக்கு ஒரு சின்ன நிரல் வேண்டும். அதை டிரைவர் என்போம். திரைக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, ஒலிச் சில்லுக்கு ஒன்று. வருடக்கணக்கில் சேர்த்துச் சேர்த்து, யாரும் பயன்படுத்தாத பாகங்களின் டிரைவர்கள்கூட உள்ளே அடைந்துகிடந்தன.

"பழைய சாமானை எல்லாம் பரண்ல ஏத்தும்மா. வேணும்னா இறக்கிக்கலாம்" என்றார் குழுத் தலைவர்.

அதைத்தான் செய்தேன். கட்டாயம் உள்ளே வரும் டிரைவர்களை, கேட்டால் மட்டும் வரும் டிரைவர்களாக மாற்றினேன். புதிய கெர்னலைக் கட்டும்போது, அதாவது வேண்டிய பாகங்களைச் சேர்த்துத் தயாரிக்கும்போது, அது ஒவ்வொன்றாகக் கேட்கும்: இந்த டிரைவர் வேண்டுமா, இல்லையா? கேள்வியோடு ஒரு விளக்கமும் வரும். விளக்கத்தின் கடைசியில் ஒரு வரி எழுதுவது எங்கள் தொழிலில் வழக்கம். சந்தேகமாக இருந்தால் இல்லை என்று சொல்லவும். நானும் அதை எழுதினேன். பதில் சொல்லாமல் என்டரை மட்டும் அழுத்தினால் அதுவே இல்லை என்று எடுத்துக்கொள்ளும்படியும் வைத்தேன்.

இதில் தவறு எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் கேள்வியைப் படித்து, வேண்டும் என்று சொல்லியிருக்கலாம்.

எங்கள் அலுவலகத்தில் கெர்னலைக் கட்டுபவரை ஸ்டேப்ளர் அண்ணன் என்று கூப்பிடுவோம். நூற்றுக்கணக்கான கேள்விகள் வரும் என்பதால் அவர் எதையும் படிக்க மாட்டார். கனமான ஸ்டேப்ளர் ஒன்றை என்டர் விசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வரும்போது எல்லாக் கேள்விகளுக்கும் பதில் போயிருக்கும்.

"அண்ணா, இந்தத் தடவை புதுசா கொஞ்சம் கேள்வி வரும்" என்றேன்.

"வரட்டும்மா. பதில் சொல்ல ஆள் வெச்சிருக்கேன்" என்று ஸ்டேப்ளரைத் தட்டிக்காட்டினார். நான் சிரித்தேன். "அட, இந்தப் பொண்ணுக்குச் சிரிக்கக்கூடத் தெரியுது! பேசினா மட்டும் சம்பளத்துல பிடிச்சுக்குவாங்களாம்மா?" என்றார்.

அந்தப் புதிய கேள்விகளில் ஒன்று முதல் தொகுதிப் பெட்டிகளின் ஒலிச் சில்லைப் பற்றியது. பின்னால் வந்த பெட்டிகளில் வேறு சில்லு இருந்தது. குரலும் வேறு, பயிற்சி பெற்ற ஒரு நடிகையின் குரல். முதல் தொகுதி செய்தபோது நிறுவனத்திடம் அதற்கெல்லாம் பணம் இல்லை. செலவில்லாமல் கிடைத்த ஒரு பெண் குரலைப் போட்டுவிட்டார்கள். சோதனை அறையில் புதிய பெட்டிகள் மட்டும்தான் இருந்தன. அவை ஒழுங்காகப் பேசின. ஒரு விடியற்காலையில் வீடுகளில் இருந்த எல்லாப் பெட்டிகளுக்கும் புதிய கெர்னல் தானாகப் போய்ச் சேர்ந்தது.

அதோடு பேச்சு நின்றுபோன முதல் தொகுதியில் சுமார் நாலாயிரம் பெட்டிகள். அவற்றில் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து கண்கள் மட்டும் மிஞ்சின. அதற்கு முன்பும் அவர் வாய் சுத்தமான வாய் அல்ல. எட்டு மாதம் வீடு அமைதியாக இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அவருக்கு என்ன வேணும்னே புரியலடி. ஊருக்கெல்லாம் பெட்டி செஞ்சு குடுக்கறியே, பெத்த அப்பனுக்கு ஒண்ணு கொண்டு வரக்கூடாதா?" என்றாள். கொண்டுவந்து வைத்தேன். அப்பா வெகுநேரம் கண்ணை உருட்டினார். பிறகு பெட்டி சொன்னது: "சனியனே, தண்ணி."

அதை ஒரு மெல்லிய, மரியாதையான பெண் குரல் சொன்னது. ஒவ்வொரு சொல்லுக்கு முன்பும் அனுமதி கேட்பதுபோலக் கொஞ்சம் தயங்கும் குரல். சளிக் குழாய், மூத்திரப் பை, புண்ணில் ஒட்டிய பஞ்சு எல்லாவற்றையும் நான் தொட்டிருக்கிறேன். குமட்டும், ஆனால் சோப்புப் போட்டால் கை சுத்தமாகிவிடும். அந்தக் குரலில் வந்த சொற்களுக்குச் சோப்பு கிடையாது. படுக்கை விளக்கை அணைத்த பிறகு அவர் அம்மாவிடம் கேட்டவற்றை இங்கே சொல்ல மாட்டேன். அவற்றையும் அதே குரல்தான், அதே தயக்கத்தோடு கேட்டது. நான் அடுத்த அறையில் தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அம்மாவுக்கு அருவருப்பே இல்லை. "திட்டறது அவர்தான். ஆனா இது சொல்றப்ப எனக்குக் கோவமே வர மாட்டேங்குது" என்பாள். எவ்வளவு கேவலமாகக் கூப்பிட்டாலும், "இதோ வந்துட்டேம்மா" என்று எழுந்து போவாள். அப்படிப் பதில் சொல்லாதே என்று ஒருமுறை சொன்னேன். "நாள் முழுக்க என்கிட்டப் பேசறது அது ஒண்ணுதான். நீதான் வாயே தொறக்க மாட்டியே" என்றாள்.

மற்ற வீடுகளிலும் அந்தக் குரல் அப்படித்தான் உழைத்துக்கொண்டிருந்தது. மலம் கழித்துவிட்டேன் என்றது. புரட்டிப்போடு என்றது. ஒரு வீட்டில் இளைஞர்கள் சிலர் நோயாளியை ஒதுக்கிவிட்டுப் பெட்டியின் முன்னால் தாங்களே உட்கார்ந்து, அதை முனகவைத்து, பதிவுசெய்து பரப்பினார்கள். எங்கள் சாப்பாட்டு அறையில் அதைப் போட்டுக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் நிறுத்திவிட்டார்கள். என் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப்போனேன். அடுத்த வாரம் ஒலிச் சில்லின் கேள்வியை எழுதினேன்.

முதல் நாள் மதியம் நடந்ததைக் கேட்டீர்கள். அன்று நான் விடுப்பு எடுத்திருந்தேன். வீடு அமைதியாக இருந்தது. யாரும் கூப்பிடாததால் அம்மா பல மாதங்களுக்குப் பிறகு பகலில் தூங்கினாள். வாயைத் திறந்துகொண்டு, குழந்தைபோல. நான் அப்பா அறையைக் கடந்து போனேன். திரையில் பெரிய எழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. அவர் கண் அந்த வரிகளுக்கும் எனக்குமாக அலைந்தது. தொண்டையில் சளி கொதிக்கும் சத்தம் கேட்டது. உண்மையாகவே மூச்சு முட்டுகிறதா, அம்மாவை எழுப்பிவிடச் செய்யும் வழக்கமான வேலையா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

சந்தேகமாக இருந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

அந்த முப்பத்தொரு மணி நேரத்தில் இறந்த மூவரில், அப்பாவைத் தவிர மற்ற இருவரை எனக்குத் தெரியாது. ஒருவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, இன்னொருவர் பேருந்து ஓட்டுநர் என்று உங்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். அவர்கள் திரைகளிலும் ஏதோ எழுதியிருந்ததாம். ஸ்டேப்ளர் அண்ணனை வேலையிலிருந்து அனுப்பினார்கள். அவர் என்னிடம் வந்து, "நான்தாம்மா கொன்னுட்டேன்" என்று அழுதார். மூக்கு ஒழுகியது. நான் காகிதத் துண்டை எடுத்து நீட்டினேன்.

அம்மா அழவில்லை. பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, "அது என்னைக் கூப்பிடாம இருக்காதே. ஏன் கூப்பிடல?" என்று மட்டும் கேட்டாள். 'அவர்' என்று சொல்லவில்லை. 'அது' என்றாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுநாளே சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது மறுபடியும் அதே கேள்வியைக் கேட்கிறீர்கள். "உங்க வீட்டுப் பெட்டிதானே தொந்தரவு? அதோட ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கியிருந்தா தீர்ந்துபோச்சு. எதுக்கு நாலாயிரம் பேர்?"

அம்மாவுக்காக என்கிறேன். நீங்கள் அதை எழுதிக்கொள்ளவில்லை. ஒரு புகைப்படத்தை என் பக்கம் தள்ளுகிறீர்கள். அன்று மதியம் அப்பாவின் திரை.

"இதைக் கொஞ்சம் சத்தமாப் படிங்க."

"எனக்குச் சத்தமாப் படிச்சுப் பழக்கம் இல்ல, மேடம்."

"பரவாயில்ல. படிங்க."

படிக்கிறேன். "மூச்சு முட்டுது. யாராவது வாங்க."

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவரின் கை நிற்கிறது. அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருக்கும் பெட்டியைப் பார்க்கிறார்.

"அதை யாரு மேடம் ஆன் பண்ணது?" என்கிறார்.

"யாரும் பண்ணல" என்கிறீர்கள். உங்கள் நாற்காலி கொஞ்சம் பின்னால் நகர்கிறது.

"அம்மாவுக்காக இல்ல, மேடம்" என்கிறேன். "எல்லாப் பெட்டியிலயும் பேசறது என் குரல்."