‘நாலாம் பாயசம்’ நாடகத்தைப் பதிவிறக்கம் செய்தது சம்பந்தமாக

பெயர் வைகுண்டராஜன், வயது 62, தகப்பனார் பெயர் செல்லத்துரை, இராஜாக்கமங்கலம். அரசு உதவி பெறும் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்று, 15.06.2024 காலை 9.15 மணிக்கு யாரும் அழைக்காமல் தானாகவே காவல் நிலையத்தில் ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி ஊரில் என் மனைவி அன்னக்கிளியுடன் வசித்து வருகிறேன். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். பள்ளியில் வேலை பார்த்த முப்பத்தொரு வருடத்தில் ஒரு சோதனைக் குழாயைக்கூட வீட்டுக்குக் கொண்டு போனவன் அல்ல. 1995ஆம் வருடம் வடசேரியில் ஒரு கடையில் ‘நாலாம் பாயசம்’ என்ற சிரிப்பு நாடகத்தின் ஒலிநாடாவை விலை கொடுத்து வாங்கினேன். ரசீது இருக்கிறது, இத்துடன் ஒப்படைக்கிறேன். கல்யாணப் பந்தியில் மூன்று பாயசம் பரிமாறிய பிறகு சம்பந்தி நாலாவது பாயசம் கேட்டுப் பந்தியை விட்டு எழும்ப மறுப்பதுதான் கதை. எங்கள் ஊர் உரக்கடை முருகதாஸ் எழுதி, அவருடைய குழுவினர் நடித்தது. என் மனைவிக்கு அது மனப்பாடம். ஆனாலும் மாதம் ஒரு தடவையாவது போட்டுக் கேட்பாள், முதல் தடவை கேட்பது போலவே சிரிப்பாள்.

இந்த மாதம் 2ஆம் தேதி நான் டேப் ரிக்கார்டரைத் திறந்து பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். அதன் பிறகு ஒலிநாடாவைப் போட்டபோது நாடா உருளையில் சுற்றிக்கொண்டது. இடுக்கியால் இழுத்தேன், மூன்று இடத்தில் அறுந்தது. செலோடேப் ஒட்டி மறுபடி போட்டதில் சம்பந்தி கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல் பேசினார். அதன் பிறகு அவர் பேசவே இல்லை.

அதன் பிறகு 4ஆம் தேதி என் கைபேசியில் தேடியபோது ஒரு இணையதளத்தில் இதே நாடகம் முழுவதும் கிடந்தது. யார் ஏற்றியது என்று பெயர் இல்லை. பதிவிறக்கம் செய்ய ஒரு பொத்தான் இருந்தது. நான் அமுக்கவில்லை. நாம் விலை கொடுத்தது அந்த நாடாவுக்கா, அதில் உள்ள நாடகத்துக்கா என்று எனக்குத் தெளிவாகவில்லை. நாடகத்துக்கு என்றால் எடுக்கலாம். நாடாவுக்கு என்றால் அது அறுந்ததோடு தீர்ந்தது. இதை மனைவியிடம் விளக்கிச் சொன்னேன். அவள், “நம்ம காசு குடுத்து வாங்குன பாயசத்த வேற கிண்ணத்துல ஊத்திக் குடிச்சா அது களவா?” என்று கேட்டாள். “அடுத்தவன் அடுக்களையில ஏறி ஊத்துனா களவுதான்” என்று நான் சொன்னேன். அதன் பிறகு என் மனைவி என்னிடம் பேசவில்லை.

சாப்பாடு வேளாவேளைக்குக் கிடைத்தது. சொல்ல வேண்டியதை எங்கள் வீட்டுப் பூனையிடம் சொல்லுவாள். “சோறு ஆறுகு, வேணும்னா திங்கச் சொல்லு” என்பாள். பூனை என்னைப் பார்க்கும். இப்படிப் பத்து நாள் போனது.

அதன் பிறகு நேற்று காலை முருகதாஸின் கடைக்குப் போய், இணையத்தில் இருந்து எடுத்துக்கொள்ளட்டுமா என்று அனுமதி கேட்டேன். நாடகம் இணையத்தில் இருக்கும் விஷயமே அவருக்கு அப்போதுதான் தெரியும். “எவம்லே எனக்க நாடகத்தத் தூக்கிப் போட்டது? உள்ள தள்ளாம விடமாட்டேன்” என்று சத்தம் போட்டார். நான் என் சங்கதியை நினைவுபடுத்தினேன். “நீரு ஒரு பக்கம் நில்லும் வே, பொறவு சொல்லுகேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் நேராக இந்த நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்ததையும், அந்த இணையதளத்துக்கும் எழுதிப் போட்டதையும் பின்னால் அறிந்தேன்.

அதன் பிறகு வீட்டுக்குப் போனேன். என் மனைவி பூனையிடம், “செல ஆளுகளுக்குச் சிரிக்கதுக்கும் தாசில்தாரு கையெழுத்து வேணும்” என்று சொன்னாள். நான் பொத்தானை அமுக்கினேன். நாற்பத்தொரு நிமிட நாடகம் ஒன்றரை நிமிடத்தில் வந்து சேர்ந்தது. கைபேசியில் மாட்டும் காதுக்குழாயில் ஒன்றை அவளிடம் நீட்டினேன், வாங்கிக்கொண்டாள். சத்தத்தைக் கூட்டி, முன்னால் இருந்ததைத் தள்ளிவிட்டு, பந்தி தொடங்கும் இடத்தில் இருந்து கேட்டோம். மூன்றாம் பாயசத்தில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, புரை ஏறியது, தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். ஆனால் பேசவில்லை. எனக்கும் அனுமதி இல்லாமல் எடுத்தது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஆகவே இன்று காலை அவளிடம் சொல்லாமல் கைபேசி, அறுந்த ஒலிநாடா, ரசீது மூன்றையும் எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன்.

உதவி ஆய்வாளர் என் விவரம் எல்லாம் கேட்டுவிட்டு, “அண்ணாச்சி, வீட்டுக்குப் போங்க” என்றார். எந்தப் பிரிவில் குற்றம் என்று சொன்னால் போகிறேன் என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்கு முருகதாஸ் வந்தார். தான் எழுதிப் போட்டதில் அந்தப் பக்கத்தையே காலையில் எடுத்துவிட்டார்கள் என்று மிகவும் சந்தோஷமாகச் சொல்லி, ஏற்றிய ஆளைப் பிடித்தாயிற்றா என்று கேட்டார். உதவி ஆய்வாளர் என் கைபேசியை வாங்கி, மேசையில் வைத்து, நாடகத்தைத் தொடக்கத்தில் இருந்து சத்தமாகப் போட்டார்.

நாடகம் தொடங்கும் முன்பு குக்கர் விசில் இரண்டு கேட்டது. அதன் பிறகு ஒரு ஆண் குரல், “ஏட்டி சபிதா, கறியில உப்பு போட்டியா?” என்றது. இந்த வாக்குமூலத்தை எழுதும் ஏட்டையா முருகதாஸைப் பார்த்து, இது நாடகத்தில் உள்ள வசனமா என்று கேட்டார். முருகதாஸ் இல்லை என்றார். குரல் அவருடையது. சபிதா அவருடைய மனைவி.

அதன் பிறகு அவர் மனைவிக்குப் போன் செய்தார். அந்த அம்மாள் பேசியது எல்லாருக்கும் கேட்டது. “ஆமா, நான்தான் அடுக்களையில டேப்பப் போட்டு எனக்க போன்ல பிடிச்சு ஏத்துனேன். ஆறு வருசம் ஆச்சு. நீங்க நாடாவப் பெட்டிக்குள்ள பூட்டி வச்சா ஆரு கேக்கதுக்கு? அந்தப் பெட்டியும் இருபத்தொண்ணாம் வருச மழையில வெள்ளத்தோட போச்சு, அந்தப் பழைய போனும் கெட்டுப் போச்சு. நல்லவேளை நெட்டுல கெடக்கு” என்றார். நெட்டில் இப்போது இல்லை என்பதை முருகதாஸ் அவரிடம் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுப் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார்.

அதன் பிறகும் யாரும் நாடகத்தை நிறுத்தவில்லை. பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்திருந்த ஒரு பெண்ணும் உட்கார்ந்துவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். முருகதாஸ் மட்டும் சிரிக்கவில்லை, அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. சம்பந்தியாக நடித்த எட்சன் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. எட்சன் “எலை எடுக்கப்பிடாது, நான் இன்னும் இருக்கேன்” என்று சொன்ன இடத்தில், அதை மட்டும் இன்னொரு தடவை போடும்படி முருகதாஸ் கேட்டார். உதவி ஆய்வாளர் போட்டார்.

முடிந்த பிறகு முருகதாஸ் என்னிடம், “அண்ணாச்சி, இத எனக்கு அனுப்பி விடும். ஒலகத்துல இப்பம் இது ஒம்மகிட்டதான் இருக்கு” என்றார். எனக்கே இன்னும் அனுமதி கிடைக்கவில்லை, அதற்குள் அடுத்தவருக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டேன். “எழுதுனது நான்லா வே!” என்றார். எழுதியது நீங்கள்தான், அதனால்தான் உங்கள் எழுத்தில் கேட்கிறேன் என்றேன். உதவி ஆய்வாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார். நானும் என் மனைவியும் கேட்க வைத்துக்கொள்ளலாம் என்றும், தனக்கு ஒரு நகல் அனுப்பலாம் என்றும் முருகதாஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதி விட்டுப் போயிருந்தது, போடச் சொன்னேன். அதன் பிறகே அனுப்பினேன்.

அப்போது, நான் இங்கே இருப்பதை யாரிடமோ விசாரித்து அறிந்து என் மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினாள். நான் பெஞ்சில் இருப்பதையும், சுற்றி நின்ற காவலர்கள் இன்னும் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வதையும் பார்த்தாள். அதன் பிறகு நேராக என்னைப் பார்த்து, “சிரிப்புச் சத்தம் ரோடு வரைக்கும் கேக்கு. என்ன விட்டுட்டுத் தனியாக் கேட்டியளா?” என்றாள். பதினொரு நாளில் அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல். அவளுக்கு நாற்காலி போடப்பட்டது. இந்த வாக்குமூலம் அந்த இடத்தில் நாற்பத்தொரு நிமிடம் நிறுத்தி வைக்கப்பட்டது.

மேலே எழுதியிருப்பதை ஏட்டையா வாசிக்க, நானும் என் மனைவியும் கேட்டோம். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை, போகச் சொல்லியும் இருந்து சொன்ன உண்மை.

(ஒப்பம்) செ. வைகுண்டராஜன்

என் முன்பாக,
உதவி ஆய்வாளர்