நாலு மணிப் பயிற்சி

இரவு வேலை பார்ப்பவனுக்கு மாலை நாலு மணித் தேநீர்தான் காலைத் தேநீர். இதைச் சொன்னால் பகலில் வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கவில்லை, நன்றி. என் மகள் பள்ளியிலிருந்து வரும் நேரமும் அதுதான். அவளுக்கு ஒன்பது வயது. பையை இறக்கி வைப்பதற்குள் எனக்குத் தேநீரும் அவளுக்குப் பாலும் தயாராக இருக்கும். குடித்து முடித்ததும் பயிற்சி. மனைவி கடை வேலை முடிந்து வர ஏழாகும்.

பயிற்சி என்று நான்தான் பெயர் வைத்தேன். இந்த வாக்குமூலத்தில் நீங்கள் வேறு பெயர் எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும்.

நான் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் துணி மடிப்பவன். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். படிப்பு ஏறாமல் இல்லை. எனக்குத் திக்குவாய். இப்போது நிதானமாகப் பேசினால் வருவதில்லை. வகுப்பில் என் பெயர் கீறல். கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி ஒரே எழுத்தில் நிற்பேனாம். "எங்க கீறல், உன் பேரைச் சொல்லு. பெல் அடிக்கிறதுக்குள்ள முடிச்சிடுவியா?" என்பார்கள். ஆசிரியரும் சிரிப்பார். ஒரு நாள் மூன்று பேர் என்னைக் கழிப்பறைக்குள் தள்ளித் தாழ் போட்டார்கள். கத்தினேன். கத்தக் கத்த வெளியே கூட்டம் சேர்ந்தது. கதவு திறந்தபோது பாதிப் பள்ளிக்கூடம் அங்கே நின்றது. அன்றைக்கு நான் கற்றது ஒன்றுதான்: கத்தியதுதான் தப்பு.

என் மகளுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்லித்தர வேண்டாமா?

சின்னதாகத்தான் ஆரம்பித்தேன். ஒரு கால் ஷூவை ஒளித்துவைப்பேன். வீட்டுப்பாட நோட்டில் தண்ணீர் ஊற்றுவேன். அவளுக்கு முன்பல் கொஞ்சம் தூக்கல், அதனால் மண்வெட்டி என்று கூப்பிட்டேன்.

"என்னடி மண்வெட்டி, இன்னிக்கு எத்தனை குழி வெட்டின?"

"அப்படிக் கூப்பிடாதீங்கப்பா."

"நான் இப்ப அப்பா இல்ல, உன் கிளாஸ் பையன். அழுதா அஞ்சு நிமிஷம் கூட."

நாலரைக்கு முடித்துவிட்டு அணைத்துக்கொள்வேன். ஒரு நாள்கூடக் கை நீட்டியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மாதம் அவளுக்குத் திக்க ஆரம்பித்தது. படுக்கை நனைந்தது. காலையில் சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை. பள்ளியில் ஆரம்பித்துவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போய் வகுப்பு ஆசிரியையைப் பார்த்தேன்.

"அவளை எல்லாருக்கும் பிடிக்கும் சார். இங்க யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. வீட்டுல ஏதாவது..."

"வீட்டுல நான் இருக்கேன் டீச்சர்," என்றேன்.

ஒத்துக்கொள்ள மாட்டார்கள். என் காலத்திலும் ஒத்துக்கொள்ளவில்லை. அரைமணி நேரத்தை ஒரு மணி நேரமாக்கினேன்.

குளியலறைதான் கடைசிப் பாடம். தாழ்ப்பாள் வெளிப்பக்கம். முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து. கத்தினால் முதலிலிருந்து. மனைவி தன் தங்கையின் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்த வாரம் அது; இரவில் மகள் வீட்டில் தனியாகத்தான் படுத்தாள். வியாழக்கிழமை தாழ் போட்ட கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் போனில் கூப்பிட்டார், இரண்டு பேர் லீவு, சீக்கிரம் வா என்று. கிளம்பிவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்று பிறகு மனைவியிடம் சொன்னேன். உங்களிடம் அப்படிச் சொல்ல விருப்பமில்லை. பேருந்தில் உட்கார்ந்ததுமே நினைவு வந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருக்கலாம். ஒரு தடவை முழுசாகத் தேறிவிட்டாள் என்றால் அப்புறம் பயிற்சியே தேவைப்படாதே என்று தோன்றியது. போய், விடியும்வரை படுக்கை விரிப்புகளை மடித்தேன்.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா அன்று இரவு ஏழு மணிக்கு, தைத்துமுடித்த சீருடையைக் கொடுக்க வந்திருக்கிறார். "ரொம்ப நேரம் தட்டினேன் தம்பி, உள்ள ஒரு சத்தமும் இல்ல," என்றார். எங்கள் குளியலறை ஜன்னல் படிக்கட்டுப் பக்கம். ஒரு குரல் கொடுத்திருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும். அவள் கொடுக்கவில்லை. நினைத்துப் பாருங்கள், ஒன்பது வயதில்.

காலையில் திறந்தபோது கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. "நா... நா... நான் கத்தலப்பா," என்றாள். அதன் பிறகு அவள் பேசவில்லை. இன்றோடு பத்தொன்பது நாள். மனைவி ஊரிலிருந்து வந்து, "என்னங்க பண்ணினீங்க புள்ளைய?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக்கூட நிற்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

தாழ் போட்டது நான்தான். தெரிந்தே விட்டுவிட்டுப் போனதும் நான்தான். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். ஒரு குழந்தை காரணமில்லாமல் இப்படி ஆகாது. அந்த வகுப்பில் எவனோ அவளை என்னவோ செய்திருக்கிறான். முதலில் அவன் யார் என்று கண்டுபிடியுங்கள்.