முன்னால் ஓடியவள்

மரக்காணம், உப்பளத்தை ஒட்டிய மேட்டுத்தெருவில் வசிக்கும் அந்தோணிசாமி மகள் சகாயசெல்வி, வயது 22, கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்கண்ட விலாசத்தில் என் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். என் தந்தையும் தாயார் அந்தோணியம்மாளும் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறார்கள். நான் பி.ஏ. இரண்டாம் ஆண்டோடு கல்லூரியை நிறுத்திவிட்டேன். எனக்கு வலது கை வராது, வலது காலை இழுத்துத்தான் நடப்பேன், பேச்சும் குழறும். அதனால் பெண் உதவி ஆய்வாளர் இன்று காலை என் வீட்டுக்கே வந்து விசாரித்தார். நான் சொல்வது புரியாத இடங்களில் என் தாயார் திருப்பிச் சொன்னார். இரண்டு இடங்களில் அவர் மாற்றிச் சொன்னபோது நான் மறுத்து, நான் சொன்னபடியே எழுத வைத்தேன்.

பொம்மையார்பாளையம் ஆல்பர்ட் மகள் ஜெனிதா என் மீது புகார் கொடுத்திருப்பதை உதவி ஆய்வாளர் படித்துக் காட்டினார். நான் பொறாமையால் ஜெனிதா குடிக்கும் தண்ணீரில் தடை செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்துக் கலந்தேன் என்றும், அதனால்தான் அவள் ஊக்கமருந்துச் சோதனையில் பிடிபட்டாள் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அது பொய். நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

2023ஆம் ஆண்டு மாவட்டப் போட்டியில் நான் ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தேன். அன்று தட்சணாமூர்த்தி என்பவர் என் தந்தையிடம் வந்து பேசினார். அவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, பெண்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்து வந்தார். நாங்கள் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவோம். பயிற்சிக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று என் தந்தை கேட்டதற்கு, ஒன்றும் கட்ட வேண்டாம், முட்டை பால் எல்லாம் நானே தருகிறேன், பெண்ணை அனுப்பினால் போதும் என்றார். என் தந்தை அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஜெனிதா அப்போதே தேசிய அளவில் பதக்கம் வாங்கியிருந்தாள். அவள் மாஸ்டரின் பயிற்சி வீட்டிலேயே தங்கியிருந்தாள். எனக்குக் கொடுத்த வேலை அவளுக்குப் பேஸ் கொடுப்பது. அதாவது, மாஸ்டர் சொல்லும் வேகத்தில் அவளுக்கு முன்னால் ஓடி, எதிர்க்காற்றை நான் வாங்கிக்கொண்டு, கடைசிக் கட்டத்தில் ஒதுங்கி அவளுக்கு வழி விட வேண்டும். அவள் போட்டுக் கழித்த ஷூவை எனக்குக் கொடுத்தார்கள். அது ஒரு அளவு பெரியது. முன்பக்கத்தில் துணியைத் திணித்து ஓடினேன். அப்படி ஓடியதில் எனக்கு வருத்தம் இருக்கவில்லை. அவள் காலடிச் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வருவது எனக்குப் பிடித்திருந்தது.

அதன் பிறகு, நான் சேர்ந்து சில மாதங்கள் கழித்து, எனக்கு ரத்தம் குறைவாக இருப்பதாகவும், அயர்ன் ஊசி போட வேண்டும் என்றும் மாஸ்டர் சொன்னார். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சிறிய மருந்துக் குப்பியை எடுத்து அவரே ஊசி போட்டார். கூடவே சின்ன மாத்திரைகளும் கொடுத்தார். ஊசி போட்ட மறுநாள் காலையில் எல்லாம் ஜெனிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நேற்று நன்றாகத் தூங்கினாயா, தலை வலித்ததா, நெஞ்சு படபடத்ததா என்று கேட்பாள். ஒரு முறை என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். அக்கறையால் கேட்கிறாள் என்று நான் நினைத்தேன். என் வீட்டில்கூட யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அதனால் அவளை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் அதே குப்பியிலிருந்து மாஸ்டர் அவளுக்குப் போடுவார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதம் உப்பளச் சாலையில் மாஸ்டர் எங்களுக்கு ஒரு சோதனை ஓட்டம் வைத்தார். நான் ஒதுங்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருந்தார். அந்த இடம் வந்தபோது எனக்கு மூச்சே வாங்கவில்லை. கால் தானாகப் போயிற்று. நான் ஒதுங்காமல் ஓடினேன். எனக்குப் பின்னால் ஜெனிதாவின் காலடிச் சத்தம் சிறிதாகிக்கொண்டே போய், பிறகு கேட்கவில்லை. முடிக்கும் இடத்தில் நான் திரும்பிப் பார்த்தபோது அவள் வெகு தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மாஸ்டர் என்னை அடிக்கவில்லை. ஷூவைக் கழற்றச் சொன்னார். பெரிய ஷூ உரசியதில் என் குதிகால் இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. சாலையோரம் உப்புப் பூத்து நின்ற பாத்தியில் இறங்கி நிற்கச் சொன்னார். நான் இறங்கி நின்றேன். அவர் வரப்பில் நின்றபடி, "நீ ஓடினேன்னு நினைக்கிறியா? நீ ஓடலடி. மருந்து ஓடுது. அதை அவளுக்குப் போட்டா உன்னைவிட ஓடுவா. உன் வேலை முன்னால போறது. ஜெயிக்கிறது இல்ல" என்றார். வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் மேலே ஏறச் சொன்னார். அதுவரை ஜெனிதா பைக்கின் நிழலில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பாத்தி தள்ளி என் தாயார் உப்பு வாரிக்கொண்டிருந்தார். இதுவும் பயிற்சியில் ஒன்று என்று நினைத்து அவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் கையசைத்தேன்.

அது அயர்ன் ஊசி இல்லை என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் குதிகால் ஆறியதும் போனேன். அதன் பிறகு தெரிந்தேதான் கையை நீட்டினேன். யாரும் என்னைப் பிடித்து வைத்துப் போடவில்லை. என் தாயார் மாற்றிச் சொன்ன முதல் இடம் இது. கட்டாயப்படுத்திப் போட்டார்கள் என்று அவர் சொன்னார். அப்படி இல்லை. அந்தச் சோதனை ஓட்டத்தில் ஓடியதுபோல் இன்னொரு முறை ஓட வேண்டும் என்று எனக்கு இருந்தது.

அதன் பிறகு ஆகஸ்டு மாதத்தில் மாஸ்டர் வேறொரு குப்பி கொண்டு வந்தார். இது வீரியம் அதிகம் என்றார். அதைப் போட்ட அந்த வாரத்தில் எனக்குத் தலை கனத்தது, உதடு மரத்தது. ஜெனிதா கேட்டபோது அதை அவளிடம் சொன்னேன். அவள் மாஸ்டரிடம் போய்ச் சொன்னாள். எனக்கு ஓய்வு கொடுப்பார் என்று நினைத்தேன். ஆனால் எனக்கு ஊசியைத் தொடர்ந்து போட்டார். ஜெனிதாவுக்கு மட்டும் நிறுத்தி வைத்தார்.

அந்தச் சனிக்கிழமை காலை பெருமுக்கல் மலையில் பயிற்சி. படியில் ஏறி, மேலே கோயிலைத் தொட்டுவிட்டு இறங்க வேண்டும். முதல் இறக்கத்திலேயே என் வலது கை என்னுடையது இல்லாததுபோல் ஆடிற்று. நான் படியில் உட்கார்ந்தேன். மாஸ்டரைக் கூப்பிட்டேன். என் காதிலேயே அது பேச்சாக விழவில்லை. மாஸ்டர் வந்து என் முகத்தைப் பார்த்தார். வாய் கோணியிருந்ததை அவர் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் தன் கைக்குட்டையால் என் எச்சிலைத் துடைத்துவிட்டார். பிறகு என்னைச் சுவரில் சாய்த்துவிட்டு, கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே போனார். ஜெனிதாவுக்கு இன்னும் இரண்டு ஏற்றம் பாக்கி இருந்தது. அவள் ஏறும்போதும் இறங்கும்போதும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் கால் நீட்டியிருந்ததால் படியில் இடம் குறைவாக இருந்தது. முதல் முறை தாண்டிப் போனாள். அடுத்த முறை வந்தபோது நின்று, என் காலை மடக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனாள்.

அவள் முடித்த பிறகு என்னை இருவருக்கும் நடுவில் பைக்கில் உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். முதலில் எங்கள் வீட்டுக்கு வந்து என் தாயாரை ஒரு ஆட்டோவில் ஏற்றி, என்னையும் அதற்கு மாற்றி, புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார் மாஸ்டர். ஆட்டோ கிளம்பும் முன், வெயிலில் மயக்கம் வந்தது என்று மட்டும் டாக்டரிடம் சொல்லும்படியும், ஊசியைப் பற்றிச் சொன்னால் போலீஸ் கேஸாகி இரண்டு பெண்களின் வாழ்க்கையும் போய்விடும் என்றும் என் தாயாரிடம் சொன்னார். மருத்துவமனையில் டாக்டர், இந்த வயதில் ரத்தம் ஏன் இவ்வளவு கெட்டியாக இருக்கிறது, ஏதாவது மருந்து எடுத்தாளா என்று கேட்டார். நான் கட்டிலில் இருந்தேன். காது கேட்டது. பேச வரவில்லை. என் தாயார், "வெயிலுங்க, வெயில்ல ஓடுச்சுங்க" என்றார். டாக்டர் மறுபடியும் கேட்டார். அவர் அதையே சொன்னார்.

என் தாயார் மாற்றிச் சொன்ன இரண்டாவது இடம் இது. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக இப்போது சொன்னார். அவர் சொல்லவில்லை.

எனக்கு மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் கட்டி அடைத்துவிட்டதாகவும், வந்தது தாமதம் என்றும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த பிறகு மாஸ்டர் வந்து பார்த்தார். சும்மா படுத்திருந்தால் கை கால் விறைத்துவிடும், பயிற்சி வீட்டுக்கு வந்து தண்ணீர் பாட்டிலாவது ரொப்பட்டும் என்றார். மருந்துச் செலவை அவர் கொடுத்துவந்ததால் என் தந்தை சரி என்றார். அதன் பிறகு தினமும் என் தந்தை சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். பாட்டிலைத் தொடையில் இடுக்கிக்கொண்டு இடது கையால் மூடியைத் திறந்து தண்ணீர் ரொப்புவேன். ஜெனிதா குடித்த தண்ணீரை நான் ரொப்பியது உண்மை. அதில் நான் எதையும் கலக்கவில்லை.

நவம்பரில் ஒரு நாள் மாஸ்டர் மறுபடியும் குப்பியை எடுத்தார். ஜெனிதா பயந்தாள். என்னைக் காட்டி, தனக்கும் இப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். அதற்கு மாஸ்டர், "செல்விக்கு அளவு ஜாஸ்தியாயிடுச்சு. இப்ப எவ்வளவு தாங்கும்னு தெரிஞ்சுபோச்சு. உனக்கு பாதிதான்" என்றார். அவள் கையை நீட்டினாள். ஊசியை எடுத்த இடத்தில் வைத்து அழுத்தும்படி பஞ்சை என் இடது கையில் கொடுத்தார். நான் அழுத்தினேன். அந்த அளவில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜனவரியில் தங்கம் வாங்கினாள். எங்கள் கோயிலில் பூசை முடிந்து அவள் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். நான் ஒரு கையால் தொடையில் தட்டினேன்.

அதன் பிறகு சொல்லாமல் கொள்ளாமல் சோதனை அதிகாரிகள் பயிற்சி வீட்டுக்கு வந்து அவளுடைய சிறுநீரை எடுத்துப் போனார்கள். ஊசி பிடிபடவில்லை, அதோடு மாஸ்டர் கொடுத்துவந்த மாத்திரை பிடிபட்டது என்று பிறகு தெரிந்தது. அவளை ஓடக்கூடாது என்று தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். வேறு யாரோ அவளுக்குத் தெரியாமல் கலந்தார்கள் என்று காட்டினால் தண்டனை குறையும் என்று மாஸ்டர் சொன்னதாக அறிகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெனிதா தன் தந்தை ஆல்பர்ட்டுடன் என் வீட்டுக்கு வந்தாள். ஆப்பிள் வாங்கி வந்தார்கள். ஆல்பர்ட் என் தந்தையை வெளியே அழைத்துப் போய்ப் பேசினார். ஜெனிதா என் பாயில் உட்கார்ந்து, நான்தான் கலந்தேன் என்று எழுதிக் கொடுக்கும்படி கேட்டாள். அவள் அழுதாள். "நீதான் இனிமே ஓடப்போறதில்லையே செல்வி. உனக்கு இதுல என்ன போகப்போகுது? எனக்கு இன்னும் நாலு வருஷம்தான் ஓட முடியும்" என்றாள்.

நான் அவளிடம் ஒன்று மட்டும் கேட்டேன். எனக்கு முதலில் போட்டுப் பார்ப்பது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். குழறியதால் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தெரியும். நீயும் வேணான்னு சொல்லலையே" என்றாள்.

நான் எழுதிக் கொடுக்க முடியாது என்றேன். அவள் எழுந்து போனாள். அடுத்த வாரம் புகார் கொடுத்திருக்கிறாள். என் தந்தை அன்றிலிருந்து என்னுடன் பேசுவதில்லை. ஆப்பிளை அவர்தான் சாப்பிட்டார்.

புகார் எடுபட்டுவிடும், தடை விலகிவிடும் என்ற நம்பிக்கையில் ஜெனிதா இப்போதும் காலையில் உப்பளச் சாலையில் ஓடுகிறாள். அவளுக்கு முன்னால் பிரம்மதேசத்திலிருந்து வந்த கலைமதி என்ற பெண் ஓடுகிறாள். வயது பத்தொன்பது இருக்கும். நேற்று முன்தினம் தண்ணீர் கேட்டு அவள் எங்கள் வாசலுக்கு வந்தாள். தண்ணீர் வாங்க நீட்டிய அவள் கையில் முழங்கைக்கு மேலே ஊசி குத்திய சிவப்பு இருந்தது. என்ன ஊசி என்று கேட்டேன். அயர்ன் என்றாள். அவளை உட்கார வைத்து, இங்கே சொன்னதையெல்லாம் சொன்னேன். என் வலது கையைத் தூக்கி அவள் மடியில் வைத்தேன். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாக எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டு, "உங்களுக்குப் பிறவியிலேயே ரத்தத்துல கோளாறுன்னு மாஸ்டர் சொன்னாருக்கா. எனக்கு அப்படி எதுவும் இல்ல. நான் நல்லா ஓடறேன்" என்றாள். நன்றாகத் தூங்கினாயா, தலை வலிக்கிறதா என்று அன்று காலை ஜெனிதா அக்காள் பாசமாக விசாரித்ததாகவும் சொன்னாள். செம்பைக் கழுவி வைத்துவிட்டு ஓடிப்போனாள்.

என் மீதான புகாரை எப்போது வேண்டுமானாலும் விசாரிக்கட்டும். அதற்கு முன் உதவி ஆய்வாளர் இன்றே அந்தப் பெண்ணைப் போய்ப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை உதவி ஆய்வாளர் எனக்கும் என் தாயாருக்கும் வாசித்துக் காட்டினார். இதில் உள்ளவை யாவும் நான் அறிந்து சொன்ன உண்மை. என் தாயார் சாட்சிக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

(இடது கைப் பெருவிரல் ரேகை)
அ. சகாயசெல்வி